வந்த மெத்தை

எங்கள் ஜனங்களுக்கு எல்லாமே வரும். அரிசி வரும், கம்பளி வரும், கொட்டகைக்குத் தகரம் வரும், சில வருஷம் எதுவுமே வராமலும் போகும். ஒருத்தர் கொடுத்தார், நாங்கள் வாங்கிக்கொண்டோம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரை விட்டு ஓடிவந்த நாளிலிருந்து வரிசையில் நின்று பழகிய வாய் இது. மழை வந்துச்சு, வெயில் வந்துச்சு என்கிற மாதிரியே பருப்பு வந்துச்சு என்றும் சொல்லிவிடும். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, நானும் அப்படியே பேசித் திரிந்தவள்தான். மெத்தைக்காரர் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு எரிகிறது.

மெத்தைக்காரரும் எங்களோடு அகதியாக வந்தவர்தான். சொந்தம் என்று ஒன்றும் இல்லை, ஆனாலும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெண்டாட்டி எனக்கு அண்ணி. முகாமுக்கு வெளியே, கடைத்தெரு முடிகிற இடத்தில், ஒரு நீள அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். முன்பாதியில் பஞ்சடிக்கிற மெஷின். பின்பாதியில், ஒரு தகரத் தடுப்புக்கு அப்பால், அவரும் அண்ணியும் குடியிருந்தார்கள். பக்கத்து அறையில் நாங்கள் ஐந்து பேர். நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே அவர் தும்மினால் இங்கே என் மாமியார் திட்டுவாள். அண்ணனுக்கு மெத்தை உறை தைத்துக் கொடுப்பது என் வேலை. பட்டைக் கோடு போட்ட கனத்த துணி, மூன்று பக்கம் தைத்து ஒரு பக்கம் விட்டுவிட வேண்டும். அந்தத் துணியைத் தைத்துத் தைத்தே என் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனது.

மெத்தை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? மூட்டையில் அழுந்திக் கட்டியாகக் கிடக்கிற பஞ்சைப் பிய்த்து மெஷினில் போட வேண்டும். உள்ளே பல் வைத்த உருளை சுழன்று அதைக் கிழித்து மறுபக்கம் துப்பும். ஒரு கூடைப் பஞ்சு ஒரு அறையாக உப்பிவிடும். அதை உறைக்குள் கைவிட்டு மூலை மூலையாகத் திணித்து, வாயைத் தைத்து, மேலே தடியால் தட்டிச் சமன் செய்ய வேண்டும். பிறகு ஒரு சாண் ஒரு சாணாகக் கோணூசியால் மேலிருந்து கீழே குத்தி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் பஞ்செல்லாம் கால்மாட்டுக்குப் போய்விடும். குத்துகிற வேலை அண்ணியுடையது. அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார். அண்ணிக்கு அது மூச்சு முட்டும், கட்டமாட்டாள்.

முகாமுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அண்ணன் ஒரு மெத்தை கொடுத்துவிடுவார். இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாங்கள் வந்த புதிதில் ஈர சிமெண்டுத் தரையில்தான் கிடந்தோம். அப்போது அண்ணிக்கு நிறைமாதம். அந்தக் குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு அவளுக்குக் குழந்தையும் இல்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை, ஆனால் கடை போட்டு முதலில் அடித்த மெத்தையை அவர் விற்கவில்லை, கைக்குழந்தையோடு வந்த ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். முழுக்க முழுக்க இரக்கம் என்றும் நான் சொல்லமாட்டேன். அண்ணியே ஒருமுறை கோணூசியில் நூல் கோத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"உங்க அண்ணனுக்கு இரக்கம் பாதி. மீதிப் பாதி என்ன தெரியுமா? நாலு பேரு வாசல்ல வந்து நின்னு முதலாளின்னு கூப்பிடுறாங்களே, அது. அங்க ஊர்ல இவரை யாரு முதலாளின்னு கூப்பிட்டா?"

அவருக்கும் அது காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே பஞ்சைப் பிய்த்தார்.

எங்களில் இன்னும் சிலர் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டார்கள், அவர்களும் கொடுக்காமல் இல்லை. மளிகைக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை பருப்புப் பொட்டலம் கொடுப்பார். பொட்டலம் சின்னதுதான், ஆனால் பையில் அவர் பெயரும் படமும் அச்சடித்திருக்கும். பருப்பு தீர்ந்து மாதக்கணக்கான பிறகும் அந்தப் பையில்தான் முகாமே காய்கறி வாங்கும். ஒரு மூலையில் நம் பெயரையும் தைத்துவிடலாம், தைக்கிற கை பக்கத்திலேயே இருக்கிறது என்று அண்ணி ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். படுக்கிறவன் தலைமாட்டில் என் பேர் எதற்கு, மூட்டைப்பூச்சிக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டார் அண்ணன். பேர் போடாத மெத்தையை எங்கள் அகதிகள் சங்கத் தலைவர் வந்து வண்டியில் ஏற்றிப் போவார். கொட்டகை வாசலில் அவரே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்வார்.

அதன் பலனைக் குழாயடியில் பார்த்தோம். நானும் அண்ணியும் குடத்தோடு நிற்கிறோம். அண்ணி தலையெல்லாம் பஞ்சு. எங்களுக்கு முன்னால் நின்றவள் இன்னொருத்தியிடம், உங்களுக்கு மெத்தை வந்துச்சா, எங்களுக்கு வந்தது ரொம்ப ஒல்லி, போன தடவை வந்தவங்களுக்கு நல்ல தடியா வந்துச்சாம் என்றாள். அதற்கு அவள், மேலேயிருந்து தடியாகத்தான் வரும், நடுவில் இருக்கிறவர்கள் பஞ்சை உருவிவிடுவார்கள் என்றாள். நான் குடத்தைக் கீழே வைத்தேன். அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதை நடித்துக் காட்டிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வரைக்கும் நிற்கவில்லை.

"கொடுத்தாருன்னு ஒரு வாய், ஒரே ஒரு வாய் சொல்லலையேங்க. நீங்க என்ன மழையா?" என்றாள்.

"வந்தா என்ன, கொடுத்தா என்ன? முதுகுக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் அவர்.

அந்த இருமலைத்தான் நாங்கள் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோம். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய்ப் படிந்திருக்கிறது, வேலையை விட வேண்டும், முக்கியமாக அந்த அறையில் படுக்கவே கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். குடியிருப்பதும் பஞ்சடிப்பதும் ஒரே கூரையின் கீழே என்றால் மருந்து என்ன செய்யும்? அண்ணன் அலைந்து திரிந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு பக்கம் ஜன்னல். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். ஜன்னல் கம்பியைப் பிடித்தவள் கீழே இறங்க மனசில்லாமல் அங்கேயே நின்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அடுப்பை எங்கே வைப்பது, துணியை எங்கே உலர்த்துவது என்று பேச்சு. எனக்குத் தெரிந்து அவள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

முன்பணத்துக்கு வழியும் இருந்தது. புதிதாகத் திறக்கப்போகிற ஒரு தங்கும் விடுதிக்கு எல்லா அறைக்கும் மெத்தை தலையணை செய்து தர அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தார். அதைக் கொடுத்து முடித்தால் அந்த மாடி அறை அவர்களுடையது. மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று வீட்டுக்காரம்மாளும் வாக்குக் கொடுத்திருந்தாள். நான் சோறு பொங்குவதைக்கூட மாமியார் தலையில் கட்டிவிட்டு உறை தைத்தேன். அண்ணியை வேலை செய்ய வேண்டாம் என்றால் கேட்டால்தானே? வாசலில் காற்று படுகிற இடத்தில் உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தாள். மெத்தைகள் கூரை தொடுகிற வரைக்கும் அடுக்காகிவிட்டன. தலையணை மட்டும்தான் பாக்கி.

அப்போது மழை பிடித்தது. ஆற்றோரம் இருந்த இன்னொரு முகாமுக்குள் தண்ணீர் ஏறி, அங்கிருந்தவர்களை லாரியில் ஏற்றி எங்கள் முகாமில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏற்கனவே ஒருமுறை ஓடியவர்கள், மறுபடியும் ஓடிவந்திருக்கிறார்கள். சங்கத் தலைவர் அவர்களில் பத்துப் பதினைந்து பெண்களைப் பிள்ளைகளோடு கூட்டிக்கொண்டு நேராக அண்ணன் கடை வாசலுக்கு வந்து நின்றார். எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். தலைவர் உள்ளே இருந்த அடுக்கைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"ஈர சிமெண்டுத் தரைண்ணே. கைக்குழந்தைங்க இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

பேசத் தெரிந்த மனுஷன். எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அது விடுதிக்கு அடிச்சது," என்றாள் அண்ணி. அவள் சொன்னது அவ்வளவுதான்.

அண்ணன் அவளைப் பார்த்தார். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்களில் ஒருத்தி, உடம்பைவிடப் பெரிய மூட்டையைச் சுமந்து வந்தவள், ஐயா, முதலாளி என்று கைகூப்பினாள். அந்தச் சொல்லும் வேலை செய்திருக்கும், நான் பொய் சொல்லவில்லை. பஞ்சு இருக்கிறது, மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்று அண்ணியிடம் மெதுவாகச் சொன்னார். அண்ணி எழுந்தாள். அடுக்கிலிருந்து நல்ல தடியான மெத்தையாகப் பார்த்து இழுத்து, பச்சைப் பிள்ளை வைத்திருந்த ஒருத்தியைக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தைத் தானே பிடித்து வண்டி வரைக்கும் கொண்டுபோய் வைத்தாள். இவளையும்தான் நான் எதில் சேர்ப்பது, இரக்கத்திலா பைத்தியத்திலா? பொழுது சாய்வதற்குள் அடுக்கு காலியாகிப் பின்சுவர் தெரிந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது பெரிய கொடுமை. மழையில் பஞ்சு காயாது. காயாத பஞ்சு மெஷினில் உப்பாது, திரி திரியாகச் சுருண்டு விழும். அதை மறுபடி மறுபடி போட்டு அடிக்க வேண்டும். சாரல் உள்ளே வந்தால் இருக்கிறதும் நனைந்துவிடும் என்று ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் அடித்தார். தூசி எங்கே போகும்? உள்ளே லைட் போட்டால் லைட் இருக்கிற இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். பலகைச் சுவருக்கு மேலே ஏறி அந்தத் தூசி எங்கள் சோற்றுத் தட்டில் வந்து விழுந்தது. தகரத் தடுப்புக்கு அப்பால் அண்ணி இருமுவது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் பொறுக்கமாட்டாமல் போய் மெஷினை நிறுத்தினேன்.

"விடுங்கண்ணே. விடுதிக்காரன் போனா போறான்."

"அவன் போனா அந்த மாடி ரூமும் போச்சும்மா. அவளுக்காகத்தானே அடிக்கிறேன்," என்றார். துண்டுக்கு மேலே கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

அவளுக்காக அடிக்கிறாராம். அவள் நெஞ்சில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே சொல்கிறார். தலையில் அடித்துக்கொண்டு திரும்பினால், அண்ணியும் உள்ளேயிருந்து நிறுத்த வேண்டாம் என்று கையை ஆட்டுகிறாள். அவளுக்கும் அந்த ஜன்னல் வேண்டும்.

விடுதிக்காரர் இந்த ஊர்க்காரர், தன்மையான மனுஷன். சத்தம் போடவில்லை. புதிதாக அடித்த மெத்தையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார், குனிந்து மோந்து பார்த்தார். ஈர வாடை அடித்தது. திறப்பு நாள் நெருங்கிவிட்டது, கம்பெனியிலிருந்து ஸ்பாஞ்சு மெத்தைக்குச் சொல்லிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மாடி அறையை வீட்டுக்காரம்மாள் வேறு ஆளுக்கு விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, சொன்ன தேதி வரைக்கும் காத்திருந்தாள்.

அந்த வாரமே அண்ணி மூச்சு இழுத்துக்கொண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள். இடமில்லை என்று சீக்கிரமே அனுப்பியும் விட்டார்கள். பெரிய டாக்டரம்மா அண்ணனை நிற்க வைத்துக் கேட்டாளாம், இவளை மறுபடியும் அந்த அறையில் படுக்க வைத்தால் அடுத்த முறை இங்கே கொண்டுவர வேலை இருக்காது, புரிகிறதா என்று. ஆட்டோவில் வந்து இறங்கிய அண்ணியை எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். என் அறையிலும் அதே தூசிதான். என் சின்ன மகளே கொஞ்ச நாளாகச் செருமிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் முதலில் சங்கத் தலைவரிடம் போனார். கொட்டகையில் இவளுக்குப் படுக்க மட்டும் ஒரு மூலை வேண்டும் என்றார். தலைவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். புதிதாக வந்தவர்களுக்கே போதவில்லை, நீங்கள் முகாமை விட்டு வெளியே போனவர்கள், கணக்கில் இல்லை என்றார். முதலாளிக்கு இல்லாத இடமா என்று சிரித்தார். பிறகு, நீங்களே போய்க் கேளுங்கள், உங்களுக்கு யார் மாட்டேன் என்று சொல்லப்போகிறார்கள் என்றார். அது நியாயமாகத்தான் எங்களுக்கும் பட்டது.

நானும் கூடப் போனேன். இத்தனை வருஷம் கொடுத்தவர் ஒரு கொட்டகைக்குள்ளும் கால் வைத்ததில்லை. கொடுத்துவிட்டுப் போய் எட்டிப் பார்ப்பது அவருக்கு அசிங்கம். முதல் வாசலில் ஒருத்தி அவரைக் கண்டதும் எழுந்து நின்று வாங்கய்யா என்றாள். உள்ளே பார்வையை ஓட்டினார், ஆள் படுக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அவர் கண் மெத்தை மேல் போனதை அவள் பார்த்துவிட்டாள். சட்டென்று பிள்ளையைத் தூக்கி அதன் மேல் போட்டாள். தூங்குகிற பிள்ளை, எழுந்தால் அழும், பிறகு வாருங்கள் என்றாள்.

அடுத்த வாசலுக்குப் போவதற்குள் விஷயம் எங்களுக்கு முன்னால் போய்விட்டது. மெத்தைக்காரர் நொடித்துப்போய்விட்டாராம், மெத்தைகளைத் திரும்ப எடுக்க வந்திருக்கிறாராம். நாங்கள் நடக்க நடக்க, கொட்டகை நெடுக மெத்தைகள் சுருண்டன. ஒரு வீட்டில் மேலே துணி மூட்டையை அடுக்கினார்கள். ஒருத்தன் மெத்தையை உருட்டித் தோளில் வைத்துப் பின்பக்கமாக மழையில் ஓடினான். ஓடுகிற மெத்தையில் அண்ணியின் முடிச்சு வரிசை வரிசையாகத் தெரிந்தது. அண்ணன் ஒவ்வொரு வாசலிலும் நின்று வாயைத் திறப்பார். அதற்குள் கதவுத் தகரம் சாத்தும். ஒரு வாசலில்கூட அவரை முழுசாகப் பேச விடவில்லை.

கடைசிக் கொட்டகையில் அந்த மூட்டைக்காரி மெத்தை மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் வாசலை மறித்து நின்றான்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறது நல்லாவாங்க இருக்கு?" என்றான்.

கொடுத்தது. அத்தனை வருஷத்தில் வாங்கினவர் ஒருத்தர் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அடப்பாவி, மெத்தை வேண்டாம்டா," என்றேன். "எங்க அண்ணிக்கு மூச்சு விட முடியலை. படுக்க ஒரு மூலை இருந்தாக் குடுங்க. பாயைக்கூட நாங்களே கொண்டு வர்றோம்."

அவன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் மெத்தையை விட்டு அசையவில்லை.

"இன்னைக்கு மூலைம்பீங்க. நாளைக்கு மெத்தைம்பீங்க. நாங்க எத்தனை தடவைதான் எழுந்து ஓடுறது?" என்றாள்.

என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் சொல்றதிலயும் தப்பில்லைம்மா, வா என்றார். அவள் சொன்னதில் தப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவளை அறையத்தான் கை வந்தது.

திரும்பி வந்தோம். பெஞ்சில் அண்ணி குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கேட்டீர்களா என்று கண்ணாலேயே கேட்டாள். எல்லாரும் நெருக்கடியில் இருக்காங்க என்று மட்டும் அண்ணன் சொன்னார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் தெருவைத் தாண்டிப் போய் ஷட்டரை முழுசாக மேலே தள்ளினார். உள்ளே போய் ஒரு பஞ்சு மூட்டையை இழுத்துவந்து தூறலில் தெருவில் போட்டார். பிறகு இன்னொன்று. என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. விடுதிக்கு அடித்து வாங்காமல் போன மெத்தைகள், அடித்துக் குவித்திருந்த பஞ்சு, கட்டுப் பிரிக்காத மூட்டைகள், எல்லாம் வெளியே வந்தது. அண்ணே, தொழில் போயிடும்ணே என்று நான் கையைப் பிடித்தேன். இந்த ரூமைக் கழுவிவிட்டா இவ இங்கேயே படுக்கலாம்ல என்று கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார். தனி ஆளாக எத்தனையைத்தான் இழுப்பார்? பாதியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் முகாமிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். யார் சொன்னார்களோ, கோணியும் கூடையுமாக ஓடிவந்தார்கள். முதலில் தயங்கி நின்றார்கள், ஒருத்தன் அள்ளியதும் எல்லாரும் அள்ளினார்கள். மெத்தைக்கு ஒரே இழுபறி. மூட்டைக்காரியும் வந்திருந்தாள். வாசல் வரைக்கும் வந்து, உள்ளே இன்னும் இருப்பதைப் பார்த்துவிட்டு, எங்களைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

அவளை அடித்து விரட்ட நான் விளக்குமாற்றைத் தேடினேன். ஆனால் அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்து, நாலடிக்கு ஒருமுறை நின்று நின்று தெருவைத் தாண்டி வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டைக்காரி முன்னால் வந்து நின்றாள். பொத்திய கையை எடுத்தாள்.

"உள்ள இன்னும் நிறைய இருக்கும்மா," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "எல்லாரையும் கூப்பிடு. ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிடுங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க."

இரண்டு கையையும் சேர்த்து அவளைக் கும்பிட்டாள்.